கடைசி வாய்

வழக்கமாகப் போகும் சாப்பாட்டுக் கடையின் வாசலில் "வெள்ளையடிப்பு நடக்கிறது, அடுத்த வாரம் வரவும்" என்று ஓர் அட்டை தொங்கியது. அதைப் பார்த்ததும் பேசாமல் வீடு திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. பட்டப்பகலிலேயே தெருவிளக்கு எரிய வேண்டிய அளவுக்கு இருட்டிக்கொண்டு வந்தது. போதாக்குறைக்கு, அன்றைக்குக் குண்டுவைச் சாப்பிட வைக்காமல் திரும்பினால் டெய்லர் தன் தங்கையின் முகத்தில் விழிக்க முடியாது.

குண்டு என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஒரு காலத்தில் பெயருக்குப் பங்கமில்லாமல்தான் இருந்தான். தொண்டையில் கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், மிச்சத்தைக் கருக்கினார்கள். நோய் போய்விட்டது. போகும்போது பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவனுடைய கால்சட்டைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்ததில், கடைசியாக ஒன்றில் பின்பக்கத்துப் பைகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதைப் பார்த்து டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு, கடையில் தனியாக உட்கார்ந்து அழுதான். குண்டு அவனுக்கு நண்பன் மட்டும் இல்லை, தங்கை புருஷன்.

எடை இன்னும் இறங்கினால் மறுபடியும் மூக்கில் குழாய்தான், அதை இந்த உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். தங்கை காலையிலேயே போன் செய்தாள்.

"அண்ணா, நான் கொடுத்தா ரெண்டு ஸ்பூன்ல தள்ளி வெச்சிடறார். உங்க கூட்டத்தோட உட்கார்ந்தா ஒருவேளை சாப்பிடுவாரோ என்னமோ. எப்படியாவது அவரைச் சாப்பிட வெச்சுக் கூட்டிட்டு வா."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. டெய்லர், டிரைவர், பல் டாக்டர், குண்டு, இந்த நான்கு பேரும் சாப்பிடுகிற விதமே தனி. பள்ளிக்கூடத்து டிபன் பாக்ஸ் நாளிலிருந்து வந்த பழக்கம். ஆளுக்கொன்றாக நான்கு விதமாக வாங்குவார்கள். இரண்டு வாய் போனதும் டிரைவர் கண்ணாடி டம்ளரை ஸ்பூனால் தட்டி, "வண்டி கிளம்புது!" என்பான். உடனே எல்லாரும் தங்கள் தட்டை வலப்பக்கத்து ஆளுக்குத் தள்ள வேண்டும். தட்டுகள் மேசையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எச்சில் கிச்சில் என்ற பேச்சே கிடையாது. பல் டாக்டர்கூட, தொழிலை மறந்து, அடுத்தவன் கடித்த கோழிக்காலைக் கடிப்பான். கடைசித் துண்டு மட்டும் எப்போதும் குண்டுவுக்கு. அதில் அப்பீலே இல்லை.

"டிப்போக்குப் பின்னாடி ஒரு பப் இருக்குடா," என்றான் டிரைவர். "தினமும் அந்த வழியாத்தான் வண்டி ஓட்டறேன். பழைய இடம். உள்ள கூட்டமே இருக்காது."

கூட்டமில்லாத சாப்பாட்டுக் கடைக்கு ஏன் கூட்டமில்லை என்று யாரும் கேட்கவில்லை.

*

தாழ்ந்த கூரை. எப்போதோ கறுத்துப்போன மரச்சுவர்கள். கதவைத் திறந்ததும் பழைய பீரும் ஈர மரமும் கலந்த வாசனை முகத்தில் வந்து அப்பியது. முன்னறையில் மூன்று சின்ன மேசைகள், ஒன்றில் ஒரு கிழவர் தூங்கிக்கொண்டே குடித்தார். கல்லாவுக்குப் பின்னால் இருந்த அம்மாள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த டம்ளரையே மறுபடி துடைத்தாள்.

"முன்னாடியே உட்காருங்க தம்பி. ரெண்டு மேசையை ஒட்டிப் போடறேன்."

"வட்ட மேசை இல்லையாம்மா?" என்றான் பல் டாக்டர். சுற்றுக்கு வட்ட மேசைதான் வசதி.

அவள் பதில் சொல்லுமுன் டிரைவர் உள்ளறையை எட்டிப் பார்த்துவிட்டான். அங்கே ஒரே ஒரு மேசை. பெரிய வட்டம். சுற்றிலும் கனமான ஐந்து நாற்காலிகள்.

"அங்க குளிரும்," என்றாள் அந்த அம்மாள்.

"பீரும் குளிராத்தான் இருக்கும், சேர்த்துக் குடிச்சிடறோம்," என்று டிரைவர் உள்ளே நடந்தான். அவன் ஜோக்குக்கு அவனே சிரித்துக்கொள்வது வழக்கம்.

உட்கார்ந்தார்கள். டிரைவருக்கு வலப்பக்கம் குண்டு. குண்டுவுக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி காலி. அதையடுத்து டெய்லர், அப்புறம் பல் டாக்டர். காலி நாற்காலியில் டிரைவர் தன் தோள்பையைக் கொண்டுவந்து வைத்தான். தண்ணீர் கொண்டுவந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுப் போனாள்.

டெய்லருக்கு அது ஒரு மாதிரி இருந்தது. ஆனால் அவன் கவனமெல்லாம் குண்டு மேல்தான். கழுத்துப் பட்டன் போட்டும் சட்டைக்குள் இரண்டு விரல் போகிற இடைவெளி. முகத்தில் சிரிப்பு மட்டும் பழைய அளவில் இருந்தது.

"என்னைச் சாப்பிட வைக்கத்தானே கூட்டிட்டு வந்தீங்க?" என்றான் குண்டு, கரகரத்த குரலில். "அவ சொல்லி அனுப்பினாளா?"

"அவ ஒண்ணும் சொல்லல. நீ சாப்பிடாட்டி எனக்கு மிச்சம்," என்றான் டெய்லர். பொய் சொல்லும்போது அவனுக்குக் காது சிவக்கும். குண்டு அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தான்.

வறுத்த மீன், கோழி, சூப்பும் ரொட்டியும், ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு. எல்லாம் வந்தது. வாசனை நன்றாகத்தான் இருந்தது. வெளியே மழை கூரையைப் போட்டு மொத்தியது. மூன்று பேரும் இரண்டு வாய் சாப்பிட்டார்கள். குண்டு ஸ்பூனைச் சூப்பில் வைத்து வெளியே எடுத்தான், அவ்வளவுதான்.

டிரைவர் டம்ளரைத் தட்டினான்.

"வண்டி கிளம்புது!"

அதே நேரத்தில் விளக்கு போயிற்று.

*

மழை நாளில் கரண்ட் போவது அதிசயமா? அந்த அம்மாள் ஒரு மெழுகுவர்த்தியை மேசை நடுவில் வைத்துவிட்டுப் போனாள். அதன் வெளிச்சம் தட்டுகள் வரை வந்தது, முகங்கள் வரை சரியாக வரவில்லை. தட்டுகள் சுற்றத் தொடங்கின.

குண்டுவின் பக்கமிருந்து முதலில் வந்த சூப் கிண்ணத்தைப் பார்த்ததும் டெய்லருக்கு நம்பமுடியவில்லை. பாதி காலி.

அடுத்து மீன் வந்தது. டிரைவர் இரண்டு துண்டு மட்டும் தின்று குண்டுவுக்குத் தள்ளிய தட்டு. டெய்லர் கைக்கு வந்தபோது வாலும் முள்ளும் ஒரு துண்டும்தான் இருந்தன.

"டேய், சாப்பிடறான்டா!" என்று பல் டாக்டர் மேசையைத் தட்டினான். "குண்டு சாப்பிடறான்!"

டெய்லருக்கு உடனே தங்கைக்குப் போன் போட வேண்டும் என்று கை பரபரத்தது. யானைப் பசிக்காரனாக இருந்தவன் திரும்பி வந்துவிட்டான். டெய்லர் சந்தோஷத்தில் மீனில் ஒரு துளி கிள்ளி வாயில் போட்டான்.

ருசியே இல்லை. உப்பில்லை, காரமில்லை, எண்ணெய் வாசனைகூட இல்லை. நனைந்த காகிதத்தை மெல்வது போல இருந்தது. இப்போதுதானே அடுப்பிலிருந்து வந்தது, அதற்குள் தட்டு சில்லிட்டிருந்தது.

"நான் சாப்பிடலடா," என்றான் குண்டு.

"சும்மா நடிக்காதே."

"சத்தியமா நான் தொடவே இல்ல. பக்கத்துல வைக்கிறேன், அவ்வளவுதான்."

டிரைவர் சிரித்தான். பல் டாக்டரும் சிரித்தான். டெய்லர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தான். மேசை பெரியது. நடுவில் ஒரு நாற்காலி காலி. நோய்வாய்ப்பட்ட குண்டுவின் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. அவன் தட்டைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

அங்கிருந்து டெய்லரின் முன்னால் அதை யார் தள்ளிவிடுகிறார்கள்?

கோழித் தட்டு அடுத்த சுற்றில் வந்தது. குண்டு வைத்தான். கையை எடுத்தான். தட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தின் ஓரத்தில், காலி நாற்காலிக்கு முன்னால் நின்றது.

மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

மெல்லுகிற சத்தம்.

நிதானமாக, வாயை மூடிக்கொண்டு, நாகரிகமாக மெல்லுகிற சத்தம். டெய்லரின் இடது காதுக்குப் பக்கத்தில்.

பிறகு தட்டு மேசையில் உரசிக்கொண்டு அவன் பக்கம் வந்தது. எலும்புகள் சுத்தமாக இருந்தன.

அவனுக்கு எழுந்து ஓட வேண்டும் என்று தோன்றியது, கால் கேட்கவில்லை. எதிரே டிரைவர் எழப் பார்த்தான். நாற்காலி பின்னால் நகரவில்லை. "கால் மரத்துப்போச்சு போல," என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். அவன் சிரிப்பு நின்றிருந்தது. பல் டாக்டர் இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்து உந்திப் பார்த்தான். அவனாலும் முடியவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் இன்னொரு மெழுகுவர்த்தியோடு வந்தாள். தட்டுகளைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. டெய்லரின் தோளுக்கு மேல் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"தட்டை மாத்திக்கிட்டீங்களா?"

"எங்க பழக்கம்மா அது."

"இத்தனை வருஷத்துல இங்க எத்தனையோ பேரு உட்கார்ந்து சாப்பிட்டுப் போயிருக்காங்க தம்பி. அவங்கவங்க தட்டு, அவங்கவங்க சாப்பாடு. யாரும் அதுக்கு ஒரு வாய் நீட்டினதில்ல. நீங்க கூப்பிட்டு உட்கார வெச்சிட்டீங்க."

"என்னம்மா அது?"

"எனக்குத் தெரியாது. எனக்கு முன்னாடியே இங்க இருக்கு." அவள் காலி நாற்காலியைப் பார்க்காமலே பேசினாள். "எப்பவாவது தெரியாம நான் ஒரு தட்டை அங்க விட்டுட்டா, ஒரு வாய் மட்டும் மிச்சம் வைக்கும். அந்த ஒரு வாயை யாரு சாப்பிடறாங்களோ அவங்க கூடக் கிளம்பிடும்னு எனக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னாங்க. அதனால நான் தொட்டதே இல்ல."

"சாப்பிடலேன்னா?"

"எனக்கு முன்னாடி ஒரு தடவை அதுக்குன்னு ஒருத்தர் தட்டு வெச்சாராம். அந்த ஒரு வாயைச் சாப்பிடாம, எழ முடியாம ராத்திரி பூரா உட்கார்ந்திருந்தாராம். கடைசில அவரும் சாப்பிட்டுத்தான் எழுந்தாராம். அவர் காலத்துக்கு அப்புறம் அது இங்கயே திரும்பி வந்துடுச்சு."

அவள் போய்விட்டாள். பின்னாலேயே முன்னறைக் கதவு சாத்திக்கொண்டது.

மேசையில் மூன்று தட்டுகள் துடைத்து வைத்தது போல இருந்தன. நான்காவதில் ஒரே ஒரு மீன் துண்டு. அது டெய்லரைத் தாண்டி, பல் டாக்டரைத் தாண்டி, டிரைவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. பயத்தில் கை தானாக வேலை செய்யும் அல்லவா? வாழ்நாளெல்லாம் செய்ததையே டிரைவரின் கை செய்தது. கடைசித் துண்டைக் குண்டுவின் பக்கம் தள்ளியது.

குண்டு அதைப் பார்த்தான். மூக்கை மெல்ல உறிஞ்சினான். பிறகு நிமிர்ந்தான். அவன் கண்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஈரமாக மின்னின.

"டேய்," என்றான். "எனக்குப் பசிக்குதுடா."

ஏழு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டெய்லரின் தங்கை ராத்திரி பகலாகக் காத்திருந்தாள். அதைக் கேட்டதும் டெய்லருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குண்டு மீனை எடுத்தான். வாய் திறந்தது.

கால் நகராவிட்டாலும் டெய்லர் இருந்த இடத்திலிருந்தே உடம்பை நீட்டிக் காலி நாற்காலிக்கு மேலே பாய்ந்தான்.

அவன் மார்பு எதிலோ மோதியது. குளிர்ந்த, மெத்தென்ற எதிலோ. அவன் நிற்கவில்லை. குண்டுவின் உதட்டிலிருந்து மீனைப் பிடுங்கித் தன் வாயில் போட்டான். மெல்லவில்லை. அப்படியே விழுங்கினான்.

காலி நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது. சாப்பிட்டு முடித்தவர் எழுந்திருக்கும்போது நகர்வது போல.

டிரைவரின் நாற்காலியும் பிடியை விட்டது. அவன் பின்பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தான்.

"ஏன்டா?" என்று கேட்டான் குண்டு. அடித்திருந்தால்கூட அவன் முகம் அப்படி ஆகியிருக்காது. "எத்தனை நாளைக்கு அப்புறம் பசிச்சுது தெரியுமா? வாய்ல இருந்து பிடுங்கிட்டியேடா."

உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டான். நம்பினால் பயந்து, வந்த பசியும் போய்விடும். டெய்லர் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

வெளியே வந்ததும் குண்டு மழையில் நனைந்தபடி எதிர்க்கடைக்குப் போனான். ஒரு ரொட்டியை வாங்கினான். கடை வாசலிலேயே நின்று, டெய்லருக்கு முதுகு காட்டிக்கொண்டு, அழுதுகொண்டே தின்றான். முழுதும் தின்றான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அன்றைக்கு அவனுக்குப் பறந்தது நட்பு.

டெய்லர் மழையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு காட்சிக்கு எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று இருந்தது. கொடுத்தும் விட்டான் என்பது அப்போது அவனுக்கு முழுதாக உறைக்கவில்லை.

*

குண்டு தேறினான். ஆஸ்பத்திரியில் ஆச்சரியப்பட்டார்கள். தங்கை கால்சட்டைகளைக் கடைக்குக் கொண்டுவந்து போட்டாள். "அண்ணா, பிடிச்சதையெல்லாம் பிரிச்சு விடு. இடுப்புல ஏறமாட்டேங்குது." அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. டெய்லர் ஒவ்வொரு தையலாகப் பிரித்தான். அந்த வேலையைப் போல சுகமான வேலை அவன் வாழ்க்கையில் இருந்ததில்லை.

சாப்பாட்டு நேரம்தான் நரகம்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாகச் சாப்பிடுவான். முதல் வாய் வைத்ததுமே இடப்பக்கத்தில் அந்தச் சத்தம் தொடங்கிவிடும். நிதானமாக, நாகரிகமாக. தட்டில் இருப்பது குறைந்துகொண்டே வரும். அவனுக்குக் கிடைப்பதெல்லாம் சக்கை. அல்வாவும் வைக்கோலும் நாக்குக்கு ஒன்றுதான். ஒருநாள் வெறுத்துப்போய்க் கடைசி வாயைக் குப்பையில் கொட்டினான். அன்று பொழுது சாயும் வரை முக்காலியிலிருந்து எழ முடியவில்லை. குப்பைத்தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடைசியில் அதிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டுத்தான் எழுந்தான்.

அதிலிருந்து ஒரு வைராக்கியம். தன் தட்டின் கடைசி வாயைத் தானே சாப்பிட வேண்டும். வேறு யார் கையும் படக்கூடாது. நண்பர்களோடு உட்காருவதை விட்டான். டிரைவரும் பல் டாக்டரும் வற்புறுத்தவும் இல்லை. அந்தப் பகலைப் பற்றி அவர்கள் பேசியதே இல்லை. அவன் சட்டை தொளதொளத்தது. தனக்குத்தானே அளவெடுத்துப் பார்க்கிற டெய்லர் எங்கே இருக்கிறான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை விடாப்பிடியாக வீட்டுக்கு இழுத்துப் போனாள். "அவர் கோபத்தைப் பார்த்துக்கிட்டு நீ இப்படி ஒதுங்கியே இருப்பியா? மெலிஞ்சு எப்படி ஆயிட்ட பாரு." அவன் எல்லாரோடும் உட்கார மாட்டேன் என்றான். அவள் சலித்துக்கொண்டே சமையலறையில் ஒரு தட்டு வைத்தாள். ரொட்டியும் கறியும். அவன் கதவைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றபடியே சாப்பிட்டான். இடப்பக்கத்தில் அதுவும் சாப்பிட்டது.

ஒரு துண்டு மிச்சம் இருந்தது. வாயில் இருந்ததை மென்றுகொண்டே, அதை விழுங்கிவிட்டுக் கடைசித் துண்டை எடுக்கலாம் என்று நின்றான்.

கதவு திறந்தது அவனுக்குக் கேட்கவில்லை.

"திருட்டுப் பயலே!"

ஒரு கனத்த கை அவன் தோளுக்கு மேலாக வந்து, தட்டிலிருந்த கடைசித் துண்டை லபக்கென்று எடுத்தது. திரும்பினான். குண்டு. பழைய குண்டு. கன்னம் உப்பி, தொப்பை முன்தள்ளி, கண்ணெல்லாம் சிரிப்பாக நின்றான். துண்டு ஏற்கெனவே அவன் வாய்க்குள் போயிருந்தது.

"அன்னிக்கு என் வாய்ல இருந்து பிடுங்கினே இல்ல? இன்னிக்கு உன் தட்டுல இருந்து நான். கணக்கு சரியாப் போச்சு மச்சான். இனிமே பேசிக்கலாம்."

டெய்லர் கத்த வாய் திறந்தான். வாய் நிறைய ரொட்டி.

குண்டு சிரித்துக்கொண்டே மென்றான். மென்றான். பிறகு அவன் தாடை மெதுவாயிற்று. புருவம் சுருங்கியது. யாரோ பக்கத்தில் வந்து நின்றது போல, தன் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான்.

டெய்லரின் காதருகே மெல்லுகிற சத்தம் நின்றிருந்தது.

அவன் வாயில் இருந்த சக்கையில் முதலில் உப்பு தெரிந்தது. பிறகு மிளகு. பிறகு பொன்னிறமாக வதக்கிய வெங்காயத்தின் இனிப்பு. நாக்கு முழுவதும் எச்சில் ஊறியது.

தங்கை அருமையாகச் சமைத்திருந்தாள்.